ஒன்பது அங்குலம்

குழாயக்காவைக் கோபக்காரி என்று ஆட்கள் சொல்ல ஆரம்பித்தது அவளுடைய நாற்பத்தொன்பதாவது வயதில்தான். அதுவரைக்கும் பேச்சுக்கு முன்னால் சிரிப்பு வருகிற ஆள் அவள். அடைத்துக்கொண்ட கக்கூஸுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்பார்கள். "என்னங்க, உங்க வீட்டுச் சரக்குதானே? அதைப் பார்த்து நீங்களே மூஞ்சியைச் சுளிச்சா எப்படி?" என்பாள். சுளித்த மூஞ்சிகளும் சிரித்துவிடும்.

அப்படிப்பட்டவளுக்குக் கோபம் வந்தது ஒரு குழாயால். ஒன்பது அங்குல மண்குழாய்.

நகரத்தின் நட்ட நடுவில், ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. நாற்பத்திரண்டு குடும்பம், பதினோரு கக்கூஸ். சொர்க்கம் என்று அதை யாரும் சொல்லிவிட முடியாது. காலையில் வாளியோடு வரிசை, வரிசையில் சண்டை, சண்டையில் போன வாரத்துச் சண்டையின் மிச்சம். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இந்த வீட்டில் தூக்கம் கலையும். ஆனால் எல்லாம் காலடியில் இருந்தது. குழாயக்காவின் வீட்டுக்காரருக்கு ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை. மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு, மணி அடிப்பதற்குள் திரும்பிப் போய்விடுவார். பெரிய ஆஸ்பத்திரி இரண்டு சந்து தள்ளி. பள்ளிக்கூடம் அதற்கும் முன்னால்.

அவள் பிளம்பர் ஆனதும் அந்தக் கட்டடத்தால்தான். வாரத்துக்கு ஒரு குழாய் உடையும். பிளம்பர் "இதோ வந்துட்டேன்" என்பார், வர மாட்டார். ஒரு நாள் மூன்றாம் மாடியிலிருந்து தண்ணீர் படிக்கட்டில் கொட்டிக்கொண்டு இறங்கியது. வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு இருந்தவள், யாரோ விட்டுப்போன ரெஞ்சை எடுத்துக்கொண்டு போய் வால்வை மூடினாள். அடுத்த வாரம் குழாய் வளைவில் இருந்த எல்போவை மாற்றினாள். பிள்ளை நடக்கப் பழகுவதற்குள் அந்தத் தெருவில் அவள் கை படாத குழாய் இல்லை என்றாகிவிட்டது. மேன்ஹோல் மூடியைத் திறந்து உள்ளே இறங்கி, தெருவுக்கு அடியில் ஓடுகிற சாக்கடைக் குழாயை டார்ச் அடித்துப் பார்த்திருக்கிற ஒரே குடித்தனக்காரி அவள்தான்.

பெண்ணுக்கு ஐந்து வயது இருக்கும்போது அதிகாரி வந்தார். நகர அபிவிருத்தி அலுவலகத்திலிருந்து. அப்போது இள வயது, நல்ல மாதிரியான பேச்சு. நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், வேண்டாம் என்று படிக்கட்டிலேயே உட்கார்ந்தார். கையில் ஒரு வரைபடம்.

"இந்த ஏரியாவுல நெரிசல் அளவுக்கு மீறிப் போயிடுச்சு. கீழ ஓடுற டிரைனேஜ் குழாய் வெறும் ஒன்பது இன்ச். உங்க நாற்பத்திரண்டு குடும்பத்தையே அதால தாங்க முடியல. ஒரு நாள் வெடிச்சா காலரா வரும். குழந்தைங்கல்லாம் இருக்காங்க, யோசிச்சுப் பாருங்க. ஊருக்கு வெளியில வீட்டுக்கு ஒரு கக்கூஸோட புது வீடு கட்டியிருக்கோம். கையெழுத்துப் போட்டா போதும்."

கூட்டத்தில் பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். சிலர் அந்த ஆள் பொய் சொல்கிறார் என்றார்கள். அப்போது எழுந்து நின்றது குழாயக்காதான்.

"அவர் சொல்றது நிஜம்தாங்க. அந்தக் குழாயை நான் கண்ணால பார்த்திருக்கேன். ஒன்பது இன்ச்தான். மழை வந்தா மூச்சு முட்டுது அதுக்கு."

அதோடு கூட்டம் அடங்கியது. எதிர்வீட்டக்கா, குழாயக்காவுக்குக் கூடப்பிறக்காத அக்கா, பேனாவை முதலில் வாங்கியவள் அவள்தான். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். குழாய் விஷயம் உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அவள் போட்டதைப் பார்த்து அவள் புருஷன் போட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர். மத்தியானத்துக்குள் நாற்பத்திரண்டும் முடிந்தது. அதிகாரி குழாயக்காவுக்குக் கை கூப்பி நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

புது வீடுகள் முப்பத்து நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தன. வீட்டுக்கு ஒரு கக்கூஸ் என்றது உண்மை. அதில் ஊற்றத் தண்ணீர் வருவதற்கு இரண்டு வருஷம் ஆனது. முதல் நாள் பெண் வாசலில் நின்று, "அம்மா, கடை எங்க?" என்று கேட்டாள். குழாயக்கா சுற்றும் முற்றும் பார்த்தாள். தெருப் பெயர்ப் பலகை பளபளவென்று இருந்தது, தெருதான் எங்கேயும் போகவில்லை.

பஸ்ஸில் டவுனுக்கு இரண்டேகால் மணி நேரம். அதுவும் வழியில் ஒன்றும் நடக்காமல் இருந்தால். ஒரு வீடு, காலியிடம், சுற்றுச்சுவர், காலியிடம், ஒரு பெட்ரோல் பங்க், மறுபடி காலியிடம். யாரோ வாளியைக் காலால் தட்டிவிட்டது போல நகரம் வழியெல்லாம் சிந்திக் கிடந்தது. வருஷா வருஷம் இன்னும் கொஞ்சம் தள்ளிச் சிந்தியது.

அச்சகத்து முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் மணி அடிக்கும்போது ஆள் வேண்டுமே. நான்கு மாதம் பொறுத்துப் பார்த்தார், பிறகு சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு கிடங்கில் காவலுக்குப் போனார். இருபது வருஷம் புத்தகம் தைத்த விரல்கள், தகர டிரம்களை எண்ணிக்கொண்டு சும்மா இருந்தன. "பரவாயில்ல, டிரம் எதுவும் அச்சுப் பிழையோட வர்றதில்ல" என்று தமாஷ் பண்ணுவார். அவள் சிரிப்பாள். இரண்டு பேரும் மற்றவருக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் வேலையை விடவில்லை. பை நிறைய இரும்போடு தினமும் டவுனுக்குப் போய் வந்தாள். நாலரை மணி நேரம் பஸ். பெண் வளர்ந்ததை அவள் பெரும்பாலும் தூங்கும் முகமாகத்தான் பார்த்தாள். அந்தப் பெண் இப்போது அதே பெரிய ஆஸ்பத்திரியில் நர்சிங் படிக்கிறாள். போய் வர முடியாமல், அங்கேயே ஓர் அறையில் ஆறு பேரோடு இருக்கிறாள். அந்த அறையில் இருக்கும் நெரிசலைப் பற்றி எந்த அதிகாரியும் வரைபடத்தோடு வந்து கவலைப்பட்டதில்லை.

எதிர்வீட்டக்காவும் அந்த ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்த்தாள், சலவைப் பிரிவில். போன இடத்திலும் எதிர் வீடே கிடைத்திருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்டதாகச் சொல்வாள். ஒரு லீவு நாள் காலை பதினோரு மணிக்கு வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வந்து சேர முக்கால் மணி, திரும்பிப் போக ஒன்றரை மணி. பன்னிரண்டு வருஷமாக எந்த ஆஸ்பத்திரியின் துணியைத் துவைத்தாளோ, அதன் வாசலில் இறக்கும்போது கை சில்லிட்டிருந்தது.

அன்றைக்கும் குழாயக்கா யாரையும் திட்டவில்லை. தூரம், போக்குவரத்து, நேரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குழாய் ஒன்பது அங்குலம்தானே, யார்தான் என்ன செய்திருக்க முடியும் என்று மனசை ஆற்றிக்கொண்டாள். இப்போது அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது அவளுக்கு.

அந்தப் பழைய கட்டடத்தை இடித்த இடம் பதினோரு வருஷம் தகரம் அடித்துக் கிடந்தது. நாற்பத்திரண்டு குடும்பம் இருந்த இடத்தில் அறுபது கார்கள் நின்றன. அதற்குப் பிறகு பள்ளம் தோண்டினார்கள். முப்பத்தோரு மாடிக் கோபுரம் எழும்பியது. தகரத்தின் மேல் பெரிய விளம்பரம்: நகரின் இதயத்தில் வாழுங்கள், எல்லாம் நடந்துபோகும் தூரத்தில்!

பிளம்பிங் கான்ட்ராக்டர் அவளுக்குப் பழக்கம். வேலைக்குக் கூப்பிட்டார், போனாள். தன் பழைய வீட்டுக்கு நேர் மேலே, இருபதாவது மாடியில், யாரோ ஒருவருடைய குளியலறையில் குழாய் பூட்டினாள். ஒரு வீட்டுக்கு மூன்று கக்கூஸ். மாடிக்கு எட்டு வீடு. மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். எழுநூற்று நாற்பத்து நான்கு. நல்ல பெரிய குழாயாகத்தான் போடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் வீட்டுக்காரர் செல்போனில் ஒரு பேட்டியைக் காட்டினார். அதே அதிகாரி. தலை நரைத்து, இப்போது அந்த அலுவலகத்துக்கே இயக்குநர்.

"இந்த நகரம் அகலமா வளர்ந்து கெட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "மக்கள் வாழ்க்கையில பாதி பஸ்ஸுல போகுது. வேலைக்குப் பக்கத்துல குடியிருக்கணும். நடந்து போகணும். அடர்த்திதாங்க நகரத்தோட உயிர்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"அடர்த்தியா? அப்ப நாம என்னவா இருந்தோம்?"

வீட்டுக்காரர் செல்போனை அணைத்தார். "நாம இருந்தா நெரிசல். வாங்கறவங்க வந்தா அடர்த்தி. ஒரே பொருள்தான், அட்டை மட்டும் வேற பைண்டிங்" என்றார். இந்தத் தடவை இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

மறுநாள் சைட் இன்ஜினியர் அவளைத் தேடி வந்தார். கல்யாணமாகி ஆறு மாதமே ஆன பையன், மரியாதை தெரிந்தவர்.

"அக்கா, இந்தத் தெரு மெயின் லைனோட மேன்ஹோல் எங்க இருக்குன்னு யாருக்குமே தெரியல. மேல தார் போட்டு மூடிட்டாங்க. நீங்க இங்கதான் இருந்தீங்களாமே?"

அவள் நேராகப் போய்க் கால் கட்டைவிரலால் ஓர் இடத்தைக் காட்டினாள். கொத்தினார்கள். இரண்டு அங்குலத் தாருக்கு அடியில் மூடி தெரிந்தது.

"புது லைன் எப்ப போடறாங்க?" என்று கேட்டாள்.

"புது லைனா? இதுலதான் கொடுக்கப்போறோம்."

"இதுலயா? இது ஒன்பது இன்ச், தம்பி."

"தெரியும்க்கா. டிராயிங்லயே இருக்கு. பேஸ்மென்ட்ல ஒரு தொட்டி கட்டறோம். பகல் பூரா கழிவை அதுல பிடிச்சு வெச்சு, ஊர் தூங்கற நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா பம்ப் பண்ணி விடுவோம். குழாய் தாங்கும். அபிவிருத்தி ஆபீஸ்ல ஒப்புதல் கொடுத்துட்டாங்க."

தாங்கும். அவள் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நாற்பத்திரண்டு குடும்பத்தைத் தாங்காத குழாய், இப்போது இருநூற்று நாற்பத்தெட்டு வீட்டைத் தாங்கும். நடுவில் மாறியது குழாய் இல்லை. ஒரு தொட்டி. சிமென்ட்டில் நாலு சுவர், ஒரு பம்ப். ஒரு மேஸ்திரியும் நாலு ஆளும் மூன்று வாரத்தில் கட்டிவிடுகிற தொட்டி.

மதியம் சைட் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த டிராயிங்கின் முன்னால் போய் நின்றாள். ஆறு மாதமாக எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்த காகிதம்தான். மூலையில் குழாயின் அளவு, தொட்டியின் அளவு, கீழே ஒப்புதல் கையெழுத்து. அதே அதிகாரியின் கையெழுத்து. செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். இன்ஜினியர் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும் வழியில் அடுத்த தெருவின் பூட்டுக்காரர் அவளை நிறுத்தினார். சாவி போடுகிற சின்னக் கடை, மேலேயே வீடு. அந்தத் தெருவில் தொண்ணூறு குடும்பம். அவர் கையில் ஒரு நோட்டீஸ் இருந்தது.

"நீ படிச்சுச் சொல்லேன். இது என்ன பாஷைன்னே புரியல."

அவள் படித்தாள். 'மேற்படி பகுதியில் நிலவும் மிகையான மக்கள் நெரிசலையும், தற்போதுள்ள கழிவுநீர்க் குழாயின் தாங்குதிறன் போதாமையையும் கருத்தில் கொண்டு, குடியிருப்போரை மாற்றிடங்களில் குடியமர்த்த உத்தேசிக்கப்பட்டுள்ளது.' அடுத்த வாரம் கருத்துக் கேட்புக் கூட்டம்.

"எந்தக் குழாய்?" என்று கேட்டாள்.

"நம்ம தெருக் குழாய்தான். உங்க தெருக் குழாயில வந்து சேருமே, அதே குழாய்."

அதே நகரம், அதே அலுவலகம், அதே குழாய். கோபுரத்துக்குத் தாங்கும், பக்கத்துத் தெருவுக்குத் தாங்காது. குழாயக்காவுக்கு உள்ளங்காலிலிருந்து சூடு ஏறியது. அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை.

வீட்டில் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். "நீ போய்ப் பேசினா வேலை போயிடும்" என்றார்.

"போகட்டும்."

"அதுக்குச் சொல்லல. போகும்னு தெரிஞ்சுக்கிட்டே போ. அப்புறம் அங்க போய்ப் பாதியில தயங்கக்கூடாது."

"எதிர்வீட்டக்கா என் பேச்சைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டாங்க" என்றாள் அவள். "அந்த ஆளு என் வாயை வாடகைக்குக் கூட எடுக்கல. ஓசியில எடுத்துக்கிட்டுப் போனான்."

கூட்டம் ஒரு பெரிய ஹாலில். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வருங்கால நகரத்தின் பொம்மை: தீக்குச்சி உயர மரங்கள், கட்டைவிரல் உயரக் கோபுரங்கள், நடந்து போகிற குட்டி மனிதர்கள். குட்டி மனிதர்களில் ஒருவர் கையிலும் ரெஞ்ச் இல்லை, வாளி இல்லை. பூட்டுக்காரரின் தெருவிலிருந்து நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள். பேச ஒருவருக்கு இரண்டு நிமிஷம். இயக்குநர் மேடையில் உட்கார்ந்து, நெரிசலைப் பற்றியும் குழாயைப் பற்றியும் சொல்லி முடித்திருந்தார். காலரா என்ற வார்த்தை மறுபடி வந்தது. குழந்தைகளும் வந்தார்கள்.

குழாயக்கா எழுந்துபோய் மைக்கைப் பிடித்தாள்.

"சார், என்னை ஞாபகம் இருக்கா?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சொல்லுங்கம்மா."

"பதினாலு வருஷத்துக்கு முன்னால எங்க கட்டடத்துப் படிக்கட்டுல உட்கார்ந்து, ஒன்பது இன்ச் குழாய் நாற்பத்திரண்டு குடும்பத்தைத் தாங்காதுன்னு சொன்னீங்க. இப்ப அதே இடத்துல அதே குழாய்ல எழுநூத்து நாற்பத்து நாலு கக்கூஸுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. படம் இருக்கு. அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

ஹாலில் சலசலப்பு. இயக்குநர் கையைத் தூக்கி அமர்த்தினார். பழக்கப்பட்ட கை.

"அம்மா, இதெல்லாம் தொழில்நுட்ப விஷயம். அந்தக் கட்டடத்துல நவீனச் சேமிப்புத் தொட்டி வருது. அதனால குழாய்க்குப் பாரம் இல்ல."

"தொழில்நுட்பம் எனக்கும் தெரியும் சார். அந்தக் கட்டடத்துல குழாய் பூட்டுறதே நான்தான்." அவள் குரல் உயர்ந்தது. "தொட்டி கட்டினா தாங்கும்னா, எங்களுக்கும் ஒரு தொட்டி கட்டியிருக்கலாமே? நாற்பத்திரண்டு குடும்பத்துக்குச் சின்னத் தொட்டி போதுமே. நாங்களே கட்டியிருப்போமே! ஏன் சொல்லல?"

இயக்குநர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர் காகிதத்தைப் பார்த்தார்.

"அப்போதைய கொள்கை வேற..."

"கொள்கையில்ல சார். ஆளு வேற."

"உங்க நேரம் முடிஞ்சுது" என்றார் யாரோ. மைக் அணைந்தது.

அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். ஓடும் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசி வளர்ந்த தொண்டை. மைக் தேவைப்படவில்லை.

"நான்தான் அன்னைக்கு எங்க ஆளுங்ககிட்ட இவர் சொல்றது நிஜம்னு சொன்னேன். என்னை நம்பித்தான் எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. குழாய் ஒன்பது இன்ச்ங்கறது நிஜம். அதனால நீங்க போகணும்ங்கறதுதான் பொய். நிஜத்தைக் காட்டிப் பொய்யை வித்துட்டாங்க. நீங்க யாரும் கையெழுத்துப் போடாதீங்க. தொட்டி கேளுங்க, பெரிய குழாய் கேளுங்க, எதை வேணா கேளுங்க. பேனாவை மட்டும் கையில வாங்காதீங்க!"

இரண்டு காவலாளிகள் வந்து நாகரிகமாக அவள் முழங்கையைப் பிடித்தார்கள். ஒருவர் காதோரம், "வாங்கம்மா, எங்க வீடும் நாற்பது கிலோமீட்டர்" என்றார்.

வேலை மறுநாளே போயிற்று. கான்ட்ராக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல், "மேல இருந்து சொல்லிட்டாங்க, நான் என்ன பண்ண?" என்றார். மேலே என்றால் எத்தனாவது மாடி என்று கேட்டுவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

பூட்டுக்காரர் தெருவில் தொண்ணூறில் ஒரு குடும்பம்கூடக் கையெழுத்துப் போடவில்லை. அந்த டிராயிங்கின் படத்தை வைத்து வழக்குப் போட்டார்கள். அலுவலகம் ஆறு மாதம் பூசி மெழுகிப் பார்த்தது. அதற்குள் கோபுரத்தில் முதல் நாற்பது வீடுகளுக்கு ஆள் வந்துவிட்டார்கள். ஒரு மழையில் பேஸ்மென்ட் தொட்டி பொங்கி, கழிவுநீர் கார்களின் சக்கரம் வரை நின்றது. அவர்கள் யாரும் கூட்டத்துக்குப் போய் இரண்டு நிமிஷம் பேசவில்லை. ஒரே ஒரு போன் போட்டார்கள். மறு வாரம் தெருவை வெட்ட இயந்திரங்கள் வந்துவிட்டன.

புதுக் குழாய் பதினெட்டு அங்குலம். கோபுரத்திலிருந்து நகரத்துப் பெரிய சாக்கடைக் குழாயோடு சேரும் இடம்வரை முந்நூறு அடி. வேலை இல்லாததால் குழாயக்கா தினமும் போய் அந்தப் பள்ளத்தின் ஓரம் நின்றாள். பழைய மண்குழாயைத் துண்டு துண்டாக எடுத்து லாரியில் போட்டார்கள். வழுவழுவென்று இன்னும் பத்து வருஷம் உழைக்கும்போலத்தான் இருந்தது. புதுக் குழாயை இறக்கினார்கள், மூட்டுப் போட்டார்கள், மண் தள்ளினார்கள், தார் ஊற்றினார்கள்.

பத்தொன்பது நாள்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். பத்தொன்பதே நாள். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பத்தொன்பது நாளைச் செலவழித்திருந்தால் போதும். வீட்டுக்காரர் கையில் தையல் ஊசி இருந்திருக்கும். பெண் வளர்வதை அவள் விழித்திருக்கும் முகமாகவே பார்த்திருப்பாள். எதிர்வீட்டக்கா இரண்டு சந்து நடந்துபோய் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருப்பாள். தார் உருளை ஓட்டியவர் அவளைப் பார்த்து, "என்னம்மா, வீட்டுக்குப் போகலியா?" என்று கேட்டார். பல்லைக் கடித்துக் கடித்து அவளுக்குத் தாடை வலித்தது.

குழாய் பெரிதாகிவிட்டதால் பூட்டுக்காரர் தெருவைக் காலி செய்யச் சொல்ல நோட்டீஸில் எழுதிய காரணம் செத்துப்போயிற்று. நீதிமன்றம் நோட்டீஸை ரத்துசெய்தது. தொண்ணூறு குடும்பமும் அங்கேயே இருக்கிறது. இப்போது குழாயக்காவுக்கு அந்தத் தெருவில்தான் வேலை. "இங்கயே ஒரு ரூம் பார்த்துத் தரேன்" என்று பூட்டுக்காரர் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் தெருவில் வாடகை ஏறிப்போன கதை அவருக்கே ஞாபகம் வந்தது. கோபுரம் வந்தபின் அங்கே ஓர் அறை, பிளம்பருக்குக் கட்டுப்படியாகிற விஷயமில்லை.

ஆனால் அவளுக்கு முடிக்க வேண்டிய காரியம் இன்னொன்று இருந்தது. அந்த நாற்பத்திரண்டு குடும்பத்துக்கும் தெரிய வேண்டும். தேடியதில் ஊர்க்கோடியில் மிஞ்சியிருந்தது பதினொன்றுதான், மற்றவர்கள் எங்கெங்கோ சிதறிவிட்டார்கள். ஒவ்வொரு வீடாகப் போய், டிராயிங்கின் படத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னாள். சிலர் அழுதார்கள். ஒருவர், "இப்ப தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்றார். "திரும்பிப் போகணும்னு கேட்கப்போறேன். எல்லாரும் வாங்க" என்றாள்.

எதிர் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். பத்தடி தூரம்தான். அதைக் கடக்க அவளுக்கு ஒன்பது நாள் ஆனது. எதிர்வீட்டக்காவின் புருஷனை எல்லாரும் லிஃப்ட் அண்ணன் என்பார்கள், டவுனில் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"தொட்டியா?" என்றார்.

"ஆமாண்ணே."

"ஒரு தொட்டி."

"ஆமாண்ணே."

அவர் முகம் கறுத்தது. "அவ பேனாவை வாங்கறப்ப நீ பக்கத்துல நின்னே. 'போடுக்கா'ன்னு சொன்னே. நான் மறக்கல. இத்தனை வருஷமா நான் ஒண்ணும் கேட்கல உன்னை. இப்ப நீயா வந்து தொட்டிங்கறே." கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் அப்படியே நின்றாள். அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் கோபத்துக்கு அவளும் ஒரு விலாசம்தான். மறுக்க அவளுக்கு மனசு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் பத்துக் குடும்பத்துக்காரர்கள் கூடினார்கள். வீட்டுக்காரர் எல்லாருடைய மனுவையும் அழகாகத் தைத்து, அட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தார். பஸ் வரும் நேரத்தில் லிஃப்ட் அண்ணன் வந்து வரிசையின் கடைசியில் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. குழாயக்காவைப் பார்க்கவில்லை. இரண்டேகால் மணி நேரமும் ஜன்னலுக்கு வெளியே காலியிடங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அபிவிருத்தி அலுவலகத்துக் கவுன்ட்டரில் குமாஸ்தா தலையைத் தூக்கினார். "என்ன விஷயம்?"

குழாயக்கா வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட் அண்ணன் முன்னால் வந்துவிட்டார். "வீட்டுக்குத் திரும்பிப் போகணும்."

"எந்த வீடு?"

"நீங்க எடுத்துக்கிட்ட வீடு. இப்ப அங்க முப்பத்தோரு மாடி நிக்குது. அதுல பதினோரு வீடு எங்களுக்கு வேணும்."

குமாஸ்தாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "அந்த மாதிரி கேட்கறதுக்கு இங்க படிவமே கிடையாதுங்க."

"அப்ப அச்சடிங்க" என்றார் பின்னாலிருந்து குழாயக்காவின் வீட்டுக்காரர். "பைண்டிங் நான் பண்ணித் தரேன்."

யாரும் நகரவில்லை. சுவரோரம் இருந்த பெஞ்சில் ஆறு பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். குழாயக்கா தரையில் உட்கார்ந்து மனுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டாள். குமாஸ்தா சிறிது நேரம் பார்த்துவிட்டு, மேலே இருக்கும் யாருக்கோ போன் போட ஆரம்பித்தார்.